சப்ஸியான் திருடியது என்ன? – கியாரோஸ்தமியின் ‘குளோஸ்-அப்’ பற்றிச் சில குறிப்புகள்

அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘குளோஸ்-அப்’ (1990) பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது நிமிடத்தில் ஒரு வரி வந்துவிடும்: “ஆவணப்படத்துக்கும் புனைவுக்கும் நடுவுல இருக்குற கோட்டை அழிச்ச படம் சார் அது.” நானும் பல தடவை இதையே சொல்லியிருக்கிறேன். சொன்னதும் எதிரே இருப்பவர் தலையாட்டுவார், பேச்சு அடுத்த படத்துக்குப் போய்விடும். போன மாதம் படத்தை நான்காவது முறையாகப் பார்த்தபோதுதான் அந்த வரி எவ்வளவு சௌகரியமானது என்று உறைத்தது. அது பொய் இல்லை. ஆனால் அந்த வரிக்குள் சப்ஸியான் என்கிற மனுஷன் எங்கேயுமே இல்லை. கோடு அழிந்ததா இல்லையா என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கோட்டின்மேல் நின்றுகொண்டிருந்தவனை மறந்துவிடுகிறோம்.

அதனால் இந்தக் குறிப்புகளில் கோட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. (தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) 1989, டெஹ்ரான். ஹுசைன் சப்ஸியான் அச்சகத்தில் கூலிக்கு வேலை பார்ப்பவர். மணமுறிவு ஆனவர், குழந்தை உண்டு, அம்மாவோடு வசிக்கிறார். சினிமா என்றால் உயிர். ஒருநாள் பஸ்ஸில் ‘சைக்கிளோட்டி’ படத்தின் திரைக்கதைப் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆஹன்கா என்ற அம்மாள், இந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார். சப்ஸியான் புத்தகத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, இதை எழுதியதே நான்தான், நான்தான் மொஹ்சென் மக்மல்பஃப் என்கிறார். மக்மல்பஃப் அன்றைக்கு ஈரானில் மிகப் பிரபலமான இயக்குநர். அந்த அம்மாளின் வீட்டுக்குப் போகிறார், வருகிறார். உங்கள் வீட்டிலேயே என் அடுத்த படத்தை எடுக்கிறேன், உங்கள் பையன்கள் அதில் நடிக்கட்டும் என்கிறார். கைமாற்றாக 1,900 தோமான் வாங்குகிறார். குடும்பத்துக்குச் சந்தேகம் வருகிறது. ‘சொரூஷ்’ பத்திரிகையின் நிருபர் ஹசன் ஃபராஸ்மந்த் போலீஸோடு வந்து ஆளைப் பிடித்துக் கொடுக்கிறார், செய்தியும் எழுதுகிறார். அந்தச் செய்தியைப் படித்த கியாரோஸ்தமி, தான் எடுக்கவிருந்த வேறொரு படத்தை ஓரம்வைத்துவிட்டுக் கேமராவோடு சிறைக்குப் போகிறார். விசாரணையைப் படமெடுக்க அனுமதி வாங்குகிறார். நடந்து முடிந்த சம்பவங்களை, அதே ஆட்களை வைத்து, அதே வீட்டில் மறுபடி நடிக்கவைக்கிறார்.

அவ்வளவுதான் படம். கொலை இல்லை, பெரிய தொகை இல்லை. படத்திலேயே நீதிபதி ஆச்சரியப்படுகிறார்: இவ்வளவு சின்ன வழக்கைப் போய் எதற்குப் படமெடுக்கிறீர்கள், இதைவிட நல்ல வழக்குகள் எல்லாம் இருக்கிறதே என்கிற தோரணையில். படத்தின் முதல் விமர்சகர் அவர்தான் என்று தோன்றும் எனக்கு!

வாசலுக்கு வெளியே

முதல் காட்சியைக் கவனியுங்கள். ஒரு டாக்ஸி. நிருபர் முன்னால், இரண்டு காவலர்கள் பின்னால். நிருபருக்குத் தலைகால் புரியவில்லை, பெரிய செய்தி கிடைத்துவிட்டதென்று. ஓட்டுநரோ யார் அந்த மக்மல்பஃப் என்று கேட்கிற ஆள், படம் பார்க்க நேரமில்லாதவர். முகவரி தேடி, வழி கேட்டு, கடைசியில் வீடு வருகிறது. நிருபர் உள்ளே போகிறார். பிறகு காவலர்கள் போகிறார்கள். கேமரா போகவில்லை!

வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் இந்த இடத்தில் உள்ளே ஓடியிருப்பார். கைது நடக்கப்போகிறது, மாட்டிக்கொண்டவன் முகம் எப்படி மாறும் என்று பார்க்கத்தானே நாம் உட்கார்ந்திருக்கிறோம்? கியாரோஸ்தமி நம்மை ஓட்டுநரோடு தெருவிலேயே நிறுத்திவிடுகிறார். ஓட்டுநர் வண்டியைத் திருப்புகிறார். இலைக்குப்பைக் குவியலிலிருந்து நல்லதாய் நாலு பூ பொறுக்குகிறார். காலி டப்பா ஒன்றை உதைக்கிறார். அது சரிவான தெருவில் கடகடவென்று உருண்டு போய்க்கொண்டே இருக்கிறது. நாமும் வேறு வழியில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பிறகு கைதானவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். நிருபர் ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் வந்திருக்கிறார். வீடு வீடாகப் போய் இரவல் கேட்கிறார். பரபரப்புச் செய்தி எழுத வந்தவரிடம் கேட்டு எழுத ஒரு பெட்டி இல்லை. நாமும் பரபரப்பாகத்தான் வந்தோம், நமக்கும் உருளுகிற டப்பாதான் கிடைத்தது.

இந்த டப்பா ஷாட் சினிமா ரசிகர்கள் வட்டத்தில் ரொம்பப் பிரசித்தம். ‘கவித்துவம்’ என்பார்கள். எனக்கு அதில் கவித்துவத்தைவிட ஒரு மரியாதைதான் தெரிகிறது. ஒரு மனிதன் அவமானப்படும் நேரத்தில், அவனை நாம் இன்னும் அறியாத நிலையில், எட்டிப் பார்ப்பது முறையல்ல. அவ்வளவுதான். அந்தக் கைதை உள்ளே இருந்து நாம் பார்ப்பது பின்னால் வருகிறது, நீதிமன்றத்தில் அவர் பேசக் கேட்ட பிறகு. அதற்குள் அவர் நமக்குக் ‘களவாணி’ இல்லை. சப்ஸியான். அதே கைது, ஆனால் இப்போது நம் வயிறு பிசைகிறது.

தெருவில் காத்திருக்கவைத்ததற்குக் காரணம் இதுதான். பாணி அல்ல, ஒழுங்கு.

இரண்டு கேமராக்கள்

நீதிமன்றக் காட்சிகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும் 16 எம்.எம். ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். விசாரணை தொடங்குமுன் கியாரோஸ்தமி சப்ஸியானிடம் கேமராக்களைப் பற்றி விளக்குகிறார். இங்கே இருப்பதில் ஒன்று உங்களுக்கானது, அதில் குளோஸ்-அப் லென்ஸ் இருக்கிறது, சட்டத்துக்குப் புரியவைக்கக் கடினமானது ஏதாவது இருந்தால் அதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிற பொருளில். படத்தின் தலைப்பு இங்கிருந்துதான் வருகிறது.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான ஏற்பாடு. ஒரே அறையில் இரண்டு விசாரணைகள். ஒன்று சட்டத்தின் விசாரணை: பணம் வாங்கினாயா, வேறு பெயர் சொன்னாயா, திருடும் எண்ணம் இருந்ததா? மற்றது கேமராவின் விசாரணை: உனக்கு என்ன வலி?

சப்ஸியான் என்ன சொல்கிறார்? மோசடி என்பதை ஒத்துக்கொள்கிறார், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அது மோசடி மாதிரிதான் தெரியும் என்கிறார். பணத்துக்காகத் தொடங்கவில்லை என்கிறார். பிறகு சொல்வதுதான் முக்கியம். அந்த வீட்டில் அவர் சொன்னதைக் கேட்டார்கள். இதை இங்கிருந்து நகர்த்துங்கள் என்றால் நகர்த்தினார்கள். அதற்கு முன் யாரும் அவர் பேச்சைக் கேட்டதில்லை. சாயங்காலம் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தால் பழைய ஏழை சப்ஸியான். மறுநாள் காலையில் மறுபடி மக்மல்பஃப் ஆவது கஷ்டமாக இருந்தாலும், அந்த மரியாதைக்காகவே திரும்பத் திரும்பப் போனார்.

தமிழில் ‘மரியாதை’ என்று ஒரு சொல் நமக்கு இருப்பது நல்லதாய்ப் போயிற்று. ஒருத்தன் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக் கேட்பது, உட்காரச் சொல்வது, டீ கொடுப்பது, சொன்னதற்கு ‘சரிங்க’ என்பது, இதெல்லாம் சேர்ந்ததுதானே மரியாதை. சப்ஸியான் திருடியது அதைத்தான். 1,900 தோமான் அதற்கு வழிச்செலவு மாதிரி.

அவர் ஏன் மக்மல்பஃபைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் இதோடு சேர்ந்ததே. மக்மல்பஃப் ஏழைகளைப் பற்றிப் படமெடுத்தவர். ‘சைக்கிளோட்டி’யின் நாயகன் ஒரு ஆப்கான் அகதி. மனைவியின் மருத்துவச் செலவுக்காக இரவு பகலாக நாள்கணக்கில் வட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறவன். அந்தப் படத்தில் தன்னைப் பார்த்தவர் சப்ஸியான். தன் வலியைச் சொல்லத் தெரிந்தவர் இவர்தான் என்று நினைத்தார். அப்புறம் ஒரு பலவீனமான கணத்தில் ‘இவர்’ ‘நான்’ ஆகிவிட்டது. கியாரோஸ்தமியின் பழைய படமான ‘பயணி’யையும் (1974) அவர் குறிப்பிடுகிறார். ஃபிலிம் இல்லாத கேமராவால் பிள்ளைகளைப் படமெடுப்பதாக ஏமாற்றிக் காசு சேர்த்து, டெஹ்ரானுக்குக் கால்பந்தாட்டம் பார்க்கப் போய், ஆட்டம் நடக்கும்போது தூங்கிப்போகும் சிறுவனின் கதை அது. நான் அந்தப் பையன்தான் என்கிறார். இதைவிடத் துல்லியமான பட விமர்சனம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆஹன்கா வீட்டுக்காரர்களின் பக்கம்

இந்தப் படத்தைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தை விட்டுவிடுகிறார்கள். ‘பணக்கார அப்பாவிகள்’ என்று ஒரு சிரிப்போடு கடந்துவிடுகிறார்கள். நானும் முதல் இரண்டு முறை அப்படித்தான்.

ஆனால் அவர்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? பையன்கள் பொறியியல் படித்தவர்கள், படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. ஈராக்கோடு எட்டு வருஷப் போர் 1988இல்தான் முடிந்திருக்கிறது. வசதியான வீடுதான், ஆனால் வீட்டுக்குள் காத்திருப்பு. அப்போது வாசலில் ஒரு பெரிய இயக்குநர் வந்து நின்று, உங்கள் வாழ்க்கை படமெடுக்கத் தகுந்தது என்கிறார். நம்பாமல் இருப்பார்களா? சப்ஸியானுக்கு என்ன பசியோ அதே பசிதான் அவர்களுக்கும். தட்டுதான் வேறு.

நீதிமன்றத்தில் மகன்களில் ஒருவர் சொல்கிறார்: இவர் இப்போதும் நடித்துக்கொண்டுதான் இருக்கிறார், முன்பு இயக்குநராக நடித்தார், இப்போது மென்மையான மனசுக்காரராக நடிக்கிறார் என்று. முதல் தடவை பார்த்தபோது அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு ஏழை அழும்போது இப்படியா பேசுவது என்று. இப்போது பார்க்கும்போது, அவர் சொன்னது தப்பில்லை என்று படுகிறது. கியாரோஸ்தமியே அந்தக் கேள்வியைக் கேட்கிறார்: இப்போது கேமரா முன்னால் நடிக்கிறீர்களா? நான் என் வேதனையைச் சொல்கிறேன், இது நடிப்பல்ல என்கிறார் சப்ஸியான். எந்த வேடத்தில் நடிக்க ஆசை என்றால், என்னையே நான் நடிப்பேன் என்கிறார். அதைத்தான் நடித்துவிட்டீர்களே என்கிறார் இயக்குநர்.

இங்கே ஒரு பெரிய வேடிக்கை இருக்கிறது. சப்ஸியான் சொன்ன பொய் என்ன? உங்கள் வீட்டில் படமெடுப்பேன், நீங்கள் நடிப்பீர்கள். கடைசியில் அதுதான் நடந்தது! அந்த வீட்டில், அந்தப் பையன்களை வைத்து, ஒரு படம் எடுக்கப்பட்டது. அதுவும் உலகத்தின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக. ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகையின் 2022 விமர்சகர் வாக்கெடுப்பில் அதற்கு 17ஆம் இடம். இயக்குநர் பெயர் ஒன்று மட்டும்தான் மாறிப்போயிற்று. சப்ஸியான் சொன்னது பொய்யா, முன்கூட்டியே சொல்லப்பட்ட உண்மையா?

கோபம் வந்த கதை

இனி எனக்கு இந்தப் படத்தோடு இருந்த சண்டையைச் சொல்கிறேன்.

கடைசிக் காட்சி. சப்ஸியான் விடுதலையாகி வெளியே வருகிறார். வாசலில் நிஜ மக்மல்பஃப் நிற்கிறார். சப்ஸியான் அவர்மேல் சாய்ந்து அழுகிறார். இருவரும் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார்கள், பின்னாலேயே படக்குழுவின் வண்டி. அப்போது ஒலி விட்டுவிட்டு வருகிறது. முதல் தடவை கணினியில் பார்த்தபோது என் காப்பியில்தான் கோளாறு என்று வால்யூமைக் கூட்டினேன். பிறகு படக்குழுவினரின் குரல் கேட்கிறது: மைக் கோளாறு, பழைய கருவி, திரும்ப எடுக்கவும் முடியாது. நாம் கேட்க ஏங்கிய உரையாடல் துண்டுதுண்டாய்ப் போகிறது. அந்தத் தற்செயலை எண்ணி எண்ணி நான் உருகியிருக்கிறேன்.

அது தற்செயல் இல்லை. கியாரோஸ்தமி பிற்பாடு பேட்டிகளில் சொன்னார்: ஒலியை வேண்டுமென்றே அறுத்தது அவர்தான். படமெடுப்பது மக்மல்பஃபுக்குத் தெரியும், சப்ஸியானுக்குத் தெரியாது. அதனால் பேச்சு ஒருபக்கமாக, செயற்கையாக அமைந்துவிட்டது. இன்னொன்றும் சொன்னார்: நீதிபதி கிளம்பிப்போன பிறகும் சப்ஸியானை உட்காரவைத்து மணிக்கணக்காகக் கேள்வி கேட்டுப் படமாக்கி, நீதிபதியின் ஷாட்களை நடுநடுவே சேர்த்திருக்கிறார். அதாவது நாம் ‘நீதிமன்றம்’ என்று பார்ப்பதில் கணிசமான பகுதி நீதிபதி இல்லாத நீதிமன்றம்.

படித்ததும் சுருக்கென்றது. ஏமாற்றிய ஒருவனைப் பற்றிப் படமெடுத்து, அதில் என்னை ஏமாற்றியிருக்கிறாரே மனுஷன்! சப்ஸியான் வேறு பெயர் சொன்னார், உள்ளே போனார். கியாரோஸ்தமி வேறு ஒலி வைத்தார், மேதை என்றோம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? ஒருவரிடம் அடையாள அட்டை இருந்தது, மற்றவரிடம் இல்லை, அதனாலா?

கொஞ்ச காலம் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தியிருந்தேன். இப்போது என் நிலை இது: இரண்டு தந்திரங்களையும் ஒரே தராசில் போடக் கூடாது.

ஒலியை அறுத்தது சரி என்று நினைக்கிறேன். அந்த இருவர் பேசியது முழுசாய்க் கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? புகழ்பெற்ற ஒருவர் தன் ரசிகனிடம் பெருந்தன்மையாகப் பேசும் காட்சி. பெருந்தன்மை காட்டுகிறவர் பெரியவர் ஆவார், வாங்குகிறவர் இன்னும் சின்னவர் ஆவார். மைக் கெட்டுப்போனதாகச் சொன்ன பொய், சப்ஸியானுக்கு ஒரு திரை போட்டது. முதல் காட்சியில் நம்மைத் தெருவிலேயே நிறுத்திய அதே கை, கடைசியில் நம் காதைப் பொத்துகிறது. பொய்தான். ஆனால் பலவீனமானவன் பக்கம் நின்று சொன்ன பொய்.

நீதிமன்றத் தந்திரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீதிபதி கேட்டு மன்னித்ததுபோல் நாம் பார்க்கும் வாக்குமூலத்தில் பெரும்பகுதியை அந்த நீதிபதி கேட்கவே இல்லை என்றால், சட்டம் இந்த மனிதனின் வலியைச் செவிமடுத்தது என்று படம் தரும் ஆறுதலும் செட் போட்டதுதான். உண்மையில் காது கொடுத்தது சினிமா மட்டும்தான். அதை அப்படியே சொல்லியிருக்கலாமே? காலியான நாற்காலியைக் காட்டியிருந்தால் படம் இன்னும் கடுமையாகவும் இன்னும் உண்மையாகவும் இருந்திருக்கும் என்பது என் கட்சி. நண்பர் ஒருவர் இதற்கு வைத்த மறுப்பும் நியாயமானது: “காலி நாற்காலியைக் காட்டியிருந்தா நீ இயக்குநரோட துணிச்சலைப் பத்திப் பேசியிருப்ப, சப்ஸியானைப் பத்திப் பேசியிருக்க மாட்ட.” இருக்கலாம். இந்த வாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

பிறகு

சிறையில் கியாரோஸ்தமி முதன்முதலாகச் சந்திக்கும்போது, உங்களுக்காக நான் என்ன செய்யட்டும் என்று கேட்கிறார். என் வேதனையைப் படமாக எடுங்கள் என்பதுதான் சப்ஸியானின் பதில். வக்கீல் கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. அந்த வேண்டுகோளைக் கியாரோஸ்தமி நிறைவேற்றினார். கேட்டது கிடைத்தது. அதனால் அவர் வாழ்க்கை மாறியதா?

1996இல் ‘குளோஸ்-அப், லாங் ஷாட்’ என்ற ஆவணப்படம் வந்தது. அதில் சப்ஸியான் மறுபடி பேசுகிறார். சினிமா மோகம் தன்னை என்ன செய்தது என்பதைப் பற்றி. அவர் இயக்குநராகவில்லை. 2006இல் இறந்துபோனார். அதே 1996இல் இத்தாலிய இயக்குநர் நான்னி மொரெட்டி ஒரு வேடிக்கையான குறும்படம் எடுத்தார். ரோமில் தன் சொந்தத் தியேட்டரில் ‘குளோஸ்-அப்’ வெளியாகும் நாளில் ஒரு உரிமையாளர் படும் பாடுதான் கதை. டிக்கெட் கவுன்டரில் எப்படிப் பேச வேண்டும், சாண்ட்விச் எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை கவலைப்படுகிறார். அந்தப் பக்கம் ‘லயன் கிங்’ கூட்டத்தை அள்ளிக்கொண்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே பார்க்கலாம். ஒரே வருஷத்தில் வந்த இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். படம் ரோமுக்குப் போனது, சப்ஸியான் போகவில்லை.

இதற்காகக் கியாரோஸ்தமியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. ஒரு படம் ஒருவரின் வேதனையைச் சொல்லலாம், தீர்க்க முடியாது. ஆனால் நாம், அதாவது இப்படிப்பட்ட படங்களைத் தேடித்தேடிப் பார்த்து, பெயர்களைக் கோத்துப் பேசுகிறவர்கள், ஒன்றை ஒத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் அட்டை வெளியே தெரியும்படி புத்தகம் பிடித்தவர்கள்தான் நாமும். ‘ஓசு’ என்று சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் கண்ணில் ஏதாவது மின்னுகிறதா என்று பார்த்தவர்கள்தான். ஒரு நல்ல படத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் படத்தின் மதிப்பில் கொஞ்சம் நம்மேல் ஒட்டிக்கொள்கிறது. நாம் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். நமக்கு வேறு இடங்களிலும் மரியாதை கிடைத்துவிடுவதால் நிறுத்த முடிகிறது. சப்ஸியானுக்கு வேறு இடம் இல்லை.

படத்தின் கடைசிச் சட்டகத்தில் அவர் ஆஹன்கா வீட்டு வாசலில் நிற்கிறார். பக்கத்தில் அசல் மக்மல்பஃப். இவர் இனி நல்லபடியாக இருப்பார் என்று நம்புகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். சப்ஸியான் தலை குனிந்திருக்கிறது, கையில் வழியில் வாங்கிய பூ. படம் அப்படியே உறைகிறது. முதல் காட்சியில் ஓட்டுநர் இதே வாசலுக்கு எதிரே குப்பையிலிருந்து பூ பொறுக்கினார் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரும். இந்த முறை பூவுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். வந்தவரும் சொந்தப் பெயரில்தான் வந்திருக்கிறார்.

அந்தக் கதவுக்குள் அவர் மறுபடி போனாரா, அவரை உட்காரச் சொன்னார்களா, டீ கொடுத்தார்களா? கேமரா இந்தத் தடவையும் உள்ளே போகவில்லை.